உறுப்புக் கடையும் உரிமைச் சாசனமும்

வீட்டில் சுழலும் மின்விசிறி ஒருநாள் முனகத் தொடங்கினால் நாம் செய்வது யாது? இரும்பை உருக்கிப் புதிய பேரிங் வார்ப்பதில்லை. பழையதைக் கழற்றி, அதன்மேல் பொறித்த எண்ணைக் குறித்துக்கொண்டு கடைத்தெருவுக்குச் செல்கிறோம். எண்ணைச் சொன்ன அளவிலேயே கடைக்காரர் பெட்டியிலிருந்து எடுத்துத் தருகிறார். பேரிங் செய்தவர் ஓர் ஊரினர், விசிறி செய்தவர் வேறோர் ஊரினர், ஒருவரையொருவர் கண்டதுமில்லை. எனினும் அளவு பொருந்துகிறது, விசிறி சுழல்கிறது.

இந்தப் பொருத்தம் தானே வந்ததன்று. மனிதர் கூடிச் செய்துகொண்ட உடன்பாட்டால் வந்தது. 1841-ஆம் ஆண்டில் ஜோசப் விட்வொர்த் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர், திருகாணியின் புரி எவ்வளவு சாய்ந்திருக்க வேண்டும், ஓர் அங்குலத்துக்கு எத்தனை புரி இருக்க வேண்டும் என்று வரையறுத்துக் கூறினார். அதற்கு முன்னர் ஒரு பட்டறையின் திருகாணி மற்றொரு பட்டறையின் மரையில் நுழைவது அரிது. வரையறை ஊன்றியபின் திருகாணி செய்வதே தனித் தொழிலாயிற்று. உறுப்புச் செய்வோர், உறுப்பு விற்போர், உறுப்பு வாங்கிப் பொறி கட்டுவோர் என்று தொழில் கிளைத்தது. இன்றைய உலகின் செல்வம் பெரும்பாலும் இந்தக் கிளைப்பில் விளைந்ததே.

கணிப்பொறியை இயக்கும் மென்பொருளுக்கு இத்தகைய கடைத்தெரு தோன்றியதா? தோன்றவில்லையெனில் அதைத் தடுத்தது எது? தோன்றியதெனில் அங்கே கல்லாப்பெட்டி யாரிடம் இருக்கிறது? நம் குடியிருப்பில் மென்பொருள் எழுதிப் பிழைக்கும் குடும்பங்கள் பல. பிறந்த மண்ணை விட்டு நாம் இங்கு வந்து வேரூன்றியதற்கும் நம் மக்கள் இன்னும் தொலைதூரம் செல்வதற்கும் அத்தொழில் ஒரு காரணமாக இருக்கிறது. ஆதலின் இவ்வரலாற்றை அறிந்துகொள்வது நமக்குப் பொழுதுபோக்கன்று. நம் வீட்டுக் கணக்கோடு சேர்ந்த செய்தியாகும்.

விலையில்லாத காலம்

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்னும் கணிப்பொறி 1949-ஆம் ஆண்டு மே மாதம் முதன்முறையாக இயங்கியது. அதனைப் படைத்த மாரிஸ் வில்க்ஸும் அவருடன் பணியாற்றிய டேவிட் வீலரும், ஸ்டான்லி கில்லும் விரைவிலேயே ஓர் உண்மையை உணர்ந்தனர். வர்க்கமூலம் காண்பது, எண்களை அச்சிடுவது போன்ற வேலைகள் எல்லாக் கணக்கிலும் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொருவரும் அவற்றைப் புதிதாக எழுதுவது வீண். எனவே அவ்வேலைகளைத் துணைநிரல்களாக எழுதி, துளையிட்ட தாள் நாடாக்களில் பதித்துத் தொகுத்து வைத்தனர். வேண்டியவர் வேண்டிய நாடாவை எடுத்துத் தம் நிரலின் நாடாவில் படியெடுத்துச் சேர்த்துக்கொண்டனர். உலகின் முதல் மென்பொருள் உறுப்புக் களஞ்சியம் இதுவே எனலாம். 1951-இல் அம்மூவரும் அத்துணைநிரல்களை விளக்கி நூலாகவும் வெளியிட்டனர். கற்போர் யாவரும் எடுத்தாளலாம் என்பதே அவர்களுடைய கருத்து.

அமெரிக்காவிலும் அதே நிலைதான். 1955-இல் ஐ.பி.எம். பொறிகளைப் பயன்படுத்தியோர் கூடி 'ஷேர்' என்னும் கழகம் அமைத்தனர். 'பகிர்' என்னும் பொருள்பட்ட பெயருக்கு ஏற்ப, ஒரு நிறுவனத்தார் எழுதிய நிரலை மற்றோர் நிறுவனத்தார் பெற்றுக்கொண்டனர். வாணிகத்தில் போட்டியிட்ட விமான நிறுவனங்களும் இதில் ஒன்றுபட்டிருந்தன. பொறிக்குத்தான் விலை, நிரல் அதனோடு வரும் கொசுறு. காய்கறிக் கடையில் கறிவேப்பிலைக்குத் தனியே யாரும் பணம் கேட்பதில்லை அன்றோ?

ஆனால் கறிவேப்பிலை மட்டுமே பயிரிடுபவன் ஒருவன் இருந்தால் அவன் எப்படிப் பிழைப்பான்? அந்தக் கேள்வியோடுதான் மென்பொருளின் வாணிக வரலாறு தொடங்குகிறது.

ஒரே ஆண்டில் இரு விதைகள்

அப்ளைட் டேட்டா ரிசர்ச் என்பது அமெரிக்காவில் நியூஜெர்சியில் இருந்த சிறு நிறுவனம். அதன் தலைவர்களுள் ஒருவர் மார்ட்டின் கெட்ஸ். ஒரு நிரலின் போக்கை வரைபடமாக்கிக் காட்டும் 'ஆட்டோஃப்ளோ' என்னும் மென்பொருளை அந்நிறுவனம் 1965-இல் விற்கத் தொடங்கியது. ஐ.பி.எம். நிறுவனமோ அதனையொத்த ஒன்றைத் தன் பொறியோடு விலையின்றியே கொடுத்து வந்தது. இனாமாக வரும் பொருளுக்கு எதிரே கடை விரிப்பவன் நிலை என்னாகும்?

கெட்ஸ் இரண்டு வழிகளை நாடினார். ஒன்று வழக்கு, மற்றொன்று காப்புரிமை. செய்திகளை வரிசைப்படுத்துவதற்குத் தாம் கண்ட முறைக்குக் காப்புரிமை வேண்டி 1965-இல் விண்ணப்பித்தார். 1968-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் அஃது அவருக்கு வழங்கப்பட்டது. அமெரிக்காவில் மென்பொருளுக்கு அளிக்கப்பட்ட முதற் காப்புரிமை அதுவே என்பர். அடுத்த ஆண்டு அவர் நிறுவனம் ஐ.பி.எம். மீது வழக்கும் தொடுத்தது. 1969 ஜூன் மாதம் ஐ.பி.எம். தன் மென்பொருள் சிலவற்றைப் பொறியினின்று பிரித்துத் தனிவிலை வைப்பதாக அறிவித்தது. மென்பொருள் கொசுறு என்ற நிலை நீங்கிச் சரக்கு என்ற நிலை வந்தது.

அதே 1968-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், ஜெர்மனியின் கார்மிஷ் என்னும் மலையூரில் நேட்டோ அமைப்பின் ஆதரவில் அறிஞர் மாநாடு ஒன்று நடந்தது. பெரிய மென்பொருள்கள் காலத்தில் முடிவதில்லை, செலவு கட்டுக்கடங்குவதில்லை, பிழைகள் மலிகின்றன என்ற கவலையே அவர்களை அங்கே கூட்டியது. பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டக்ளஸ் மெக்கில்ராய் அம்மாநாட்டில் ஒரு கனவை எடுத்துரைத்தார். மின்பொறியாளன் விலைப்பட்டியலைப் புரட்டி வேண்டிய உறுப்பைத் தேர்ந்து வாங்குவதுபோல, நிரலாளனும் பட்டியலைப் புரட்டித் துணைநிரல்களை வாங்க வேண்டும். துல்லியம் மிகுந்தது, வேகம் மிகுந்தது, சிறிய இடத்தில் அடங்குவது என்று ஒரே வேலைக்குப் பல தரங்களில் உறுப்புகள் கிடைக்க வேண்டும். அவற்றை ஆக்குவதற்கென்றே தனித் தொழிற்சாலைகள் எழ வேண்டும் என்பது அவர் கருத்தின் சாரம்.

ஏப்ரலில் உரிமைச் சாசனம். அக்டோபரில் உறுப்புக் கடையின் கனவு. ஒரே ஆண்டில் ஊன்றப்பட்ட இவ்விரு விதைகளும் ஒன்றுக்கொன்று துணையாக வளர்ந்தனவா, ஒன்றன் நிழலில் மற்றொன்று வாடியதா என்பதே நாம் இங்கு ஆராயப் புகுவது.

கடை விரித்தவர்கள்

மெக்கில்ராயின் கனவு முழுதும் பொய்க்கவில்லை. 1970-இல் இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரில் தோன்றிய 'நாக்' என்னும் எண்முறை நிரல் தொகுப்பும், அதே ஆண்டில் அமெரிக்காவின் ஹூஸ்டனில் தோன்றிய 'இம்சல்' என்னும் தொகுப்பும் கணித உறுப்புகளைத் தொகுத்து வழங்கி நீண்ட காலம் நிலைத்தன. காரணம் வெளிப்படை. கணிதத்தில் பெயரும் இலக்கணமும் முன்பே உறுதிப்பட்டவை. சைன் என்றால் எல்லா நாட்டிலும் சைன்தான். அளவு உறுதியான இடத்தில் திருகாணி விலைபோகிறது. மெக்கில்ராய் தாமும் தம் கனவைக் கைவிடவில்லை. அவர் வற்புறுத்திய 'குழாய்' இணைப்பு 1973-இல் யூனிக்ஸ் இயக்க முறைமையில் இடம்பெற்றது. சிறு கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துப் பெரிய வேலை முடிக்க அது வழி செய்தது.

1980-களில் பிராட் காக்ஸ் என்பவர் இக்கொடியை ஏந்தினார். 1983-இல் டாம் லவ் என்பவரோடு சேர்ந்து ஒரு நிறுவனம் தொடங்கி, 'அப்ஜெக்டிவ்-சி' என்னும் நிரல்மொழியை வளர்த்தார். மின்னணுப் பலகையில் சிறு சில்லுகளைப் பொருத்துவதுபோல மென்பொருளிலும் பொருத்தலாம் என்று கூறி, தம் சரக்குக்கு 'மென்பொருட் சில்லு' என்றே பெயர் சூட்டினார். மொழி வென்றது, பிற்காலத்தில் ஆப்பிள் நிறுவனத்தின் கைப்பேசிகளுக்கு அதில்தான் நிரல்கள் எழுதப்பட்டன. சில்லுக் கடையோ அவர் எண்ணியவாறு செழிக்கவில்லை. காக்ஸ் கண்ட காரணம் இதுவாகும்: இரும்புத் திருகாணியை ஆயிரம் வாங்கினால் ஆயிரத்துக்கு விலை தரவேண்டும், மென்பொருள் உறுப்பையோ ஒன்று வாங்கியவன் பல்லாயிரம் படி எடுக்கலாம். எடையும் பருமனும் இல்லாத சரக்குக்கு எப்படித் தராசு பிடிப்பது? பயன்படுத்தும்தோறும் சிறு கட்டணம் செலுத்தும் முறை வேண்டும் என்று 1996-இல் ஒரு நூலே எழுதினார்.

1991-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட 'விஷுவல் பேசிக்' வந்தபின் சிறு வணிகர்க்கு ஒரு பொற்காலம் பிறந்தது. அட்டவணை காட்டும் உறுப்பு, வரைபடம் தீட்டும் உறுப்பு, நாட்காட்டி உறுப்பு என்று பலர் செய்து விற்றனர். 1995-இல் பிரிட்டனில் தொடங்கிய 'காம்போனன்ட்சோர்ஸ்' என்னும் நிறுவனம் அவற்றைப் பட்டியலிட்டு விற்கும் அங்காடியாயிற்று. எனினும் அக்கடை மெக்கில்ராய் கண்ட கடைத்தெருவின் ஒரு மூலையே ஆகும்.

நூலும் சமையலும்

காப்புரிமை இங்கு எவ்வாறு குறுக்கிட்டது என்பதை அறியப் பதிப்புரிமைக்கும் காப்புரிமைக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் தெளிய வேண்டும். நம் இல்லத்தரசியார் ஒருவர் வத்தக்குழம்பு வைக்கும் முறையை நூலாக எழுதினால் அந்நூலைப் பிறர் அவர் இசைவின்றி அச்சிடக் கூடாது. இது பதிப்புரிமை. ஆயினும் குழம்பு வைப்பதை அவர் தடுக்க இயலாது. காப்புரிமை என்பதோ குழம்பு வைக்கும் முறையின் மேலேயே பூட்டுப் போடுவதாகும். நூலைக் கண்ணாலும் காணாமல், தம் சொந்த அறிவினாலேயே அதே பக்குவத்தைக் கண்ட அடுத்த வீட்டம்மையாரும் இருபது ஆண்டுகள் வரை அதனைச் சமைக்க இசைவு பெற வேண்டும்.

நிரல் என்பது எழுத்தா, பொறியா? எழுத்தெனில் பதிப்புரிமை போதும்; பொறியெனில் காப்புரிமை வேண்டும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் இக்கேள்வியோடு நெடுங்காலம் மல்லாடியது. 1972-இல் காட்சாக்–பென்சன் வழக்கில், எண்களை ஒரு குறியீட்டிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் முறைக்குக் காப்புரிமை இல்லை என்று தீர்த்தது. அம்முறையைக் கண்டவர்கள் மெக்கில்ராய் பணியாற்றிய அதே பெல் ஆய்வுக்கூடத்தினர் என்பது குறிப்பிடத்தக்கது. 1978-இல் ஃப்ளூக் வழக்கிலும் மறுப்பே கிடைத்தது. 1981-இல் டீர் வழக்கில் நிலை மாறியது. ரப்பரைப் பதப்படுத்தும் தொழிலில் கணிப்பொறி துணைசெய்தது. முழுத் தொழில்முறையையும் சேர்த்து நோக்கினால் காப்புரிமைக்குத் தகும் என்று ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகத் தீர்ப்பு வந்தது. கதவு சிறிது திறந்தது. 1998-இல் ஸ்டேட் ஸ்ட்ரீட் வங்கி வழக்கில் காப்புரிமைக்கான மேல்முறையீட்டு மன்றம் அதை அகலத் திறந்துவிட்டது. பண நிர்வாக முறைகளுக்கும் காப்புரிமை கிடைக்கலாயிற்று. 2014 ஜூன் மாதத்தில் ஆலிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அக்கதவைப் பாதி சாத்தியது. பழைய கருத்தொன்றைக் கணிப்பொறியில் ஏற்றிய அளவிலேயே அது புதுப்புனைவு ஆகிவிடாது என்பது அதன் கருத்து.

படம் சுருக்கிய கதை

தீர்ப்புகளின் வரலாற்றைவிட ஒரு சிறு உறுப்பின் வரலாறு நமக்கு மிகுதியாக உணர்த்தும். இஸ்ரேல் நாட்டு அறிஞர்களாகிய ஆபிரகாம் லெம்பெல், யாக்கோப் சிவ் ஆகிய இருவரும் 1977, 1978 ஆகிய ஆண்டுகளில் செய்திகளைச் சுருக்கி வைக்கும் முறைகளை ஆய்வுக் கட்டுரைகளாக வெளியிட்டனர். ஸ்பெர்ரி நிறுவனத்தில் பணியாற்றிய டெர்ரி வெல்ச் அதனைத் திருத்தி எளிதாக்கினார். மூவர் பெயரின் முதலெழுத்துகளால் அஃது எல்.இசட்.டபிள்யூ. எனப்பட்டது. 1984-இல் வெல்ச் அதனை ஒரு கணிப்பொறி இதழில் விளக்கி எழுதினார். படித்த நிரலாளர் பலர், அறிஞர் உலகத்தின் பொதுச்சொத்து என்று எண்ணித் தத்தம் நிரல்களில் அமைத்துக்கொண்டனர். ஆனால் 1983 ஜூன் மாதத்திலேயே அம்முறைக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பம் சென்றிருந்தது. 1985-இல் அது வழங்கவும் பட்டது.

இதனை உணராமல் காம்பியூசர்வ் நிறுவனத்தார் 1987-இல் அம்முறையை வைத்து 'கிஃப்' என்னும் பட வடிவத்தை உருவாக்கி உலகுக்கு அளித்தனர். அதனைக் காட்டும் நிரல்கள் எண்ணற்றவை எழுந்தன. ஸ்பெர்ரி வேறொரு நிறுவனத்தோடு இணைந்து யூனிசிஸ் ஆயிற்று. காப்புரிமை அதன் கைக்குச் சென்றது. 1994-ஆம் ஆண்டின் இறுதியில், கிஃப் படங்களைக் கையாளும் மென்பொருள் செய்வோர் உரிமம் பெற வேண்டும் என்ற அறிவிப்பு வந்தது. ஏழாண்டுகள் ஊரார் நடந்த ஒற்றையடிப் பாதையில் திடீரெனச் சுங்கச்சாவடி எழுந்தது போலாயிற்று.

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. அதே 1983 ஜூனில் ஐ.பி.எம். நிறுவனத்தாரும் அதே முறைக்கு விண்ணப்பித்திருந்தனர். அவர்களுக்கும் 1989-இல் காப்புரிமை கிடைத்தது! ஒரே முறையை இருவேறு சொற்களில் எழுதித் தந்தபோது, அஃது ஒன்றே என்று காப்புரிமை அலுவலகத்தாரே அறியவில்லை. அலுவலகமே அறியாததை வீட்டு அறையில் அமர்ந்து சிறு உறுப்புச் செய்யும் நிரலாளன் எவ்வாறு அறிவான்?

நிரலாளர்கள் சோர்ந்துவிடவில்லை. 1995 தொடக்கத்தில் கூடி, பூட்டில்லாத முறை ஒன்றைக் கொண்டு 'பி.என்.ஜி.' என்னும் புதிய பட வடிவத்தை வகுத்தனர். 1996 அக்டோபரில் அஃது உலகத் தரமாக ஏற்கப்பட்டது. பழையதைவிடச் சிறந்தும் விளங்கியது. 2003 ஜூன் 20-ஆம் நாள் அமெரிக்கக் காப்புரிமையின் காலம் முடிந்தது.

எளியோர்க்கு வேலியா?

இவ்வளவில் காப்புரிமை தீங்கே என்று முடிவுகட்டுவது நேர்மையாகாது. கெட்ஸ் அதனை நாடியது பெருநிறுவனத்தின் எதிரே தம்மைக் காத்துக்கொள்ளவே. ஸ்டாக் என்னும் சிறு நிறுவனம் வட்டில் உள்ள செய்தியைச் சுருக்கும் மென்பொருளை விற்று வந்தது. மைக்ரோசாஃப்ட் 1993-இல் தன் இயக்க முறைமையோடு அத்தகைய வசதியைச் சேர்த்து அளித்தது. ஸ்டாக் வழக்காடியது. தன் காப்புரிமை மீறப்பட்டதாக 1994-இல் 12 கோடி டாலர் இழப்பீட்டுத் தீர்ப்பும் பெற்றது. பின்னர் இருவரும் சமரசம் செய்துகொண்டனர். காப்புரிமை இல்லையேல் ஸ்டாக் வாயடைத்துப் போயிருக்கும்.

மறையீட்டு முறையின் கதையும் இதற்குச் சான்று. 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஆடில்மன் என்னும் மூவர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கண்ட ஆர்.எஸ்.ஏ. முறைக்கு 1983-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதன் வலிமையில் எழுந்த நிறுவனம் 'பிசேஃப்' என்னும் மறையீட்டு உறுப்பினை உரிமக் கட்டணத்துக்கு விற்றது. பல நிறுவனங்கள் அதனை வாங்கித் தம் மென்பொருளில் பொருத்தின. ஆக, காப்புரிமை இங்கே உறுப்புக் கடையைக் கெடுக்கவில்லை. கடைக்கு முதலாகவே நின்றது.

அப்படியாயின் குறை எங்கே? ஓர் உறுப்பு, ஒரு முறை, ஓர் உரிமையாளர் என்று இருக்கும்வரை குறையில்லை. ஆனால் மென்பொருள் உறுப்பு ஒன்றுக்குள் பல்வேறு முறைகள் பின்னிக் கிடக்கின்றன. சிறு விலைக்கு உறுப்பு விற்பவனிடம் வாங்குபவன் ஒரு கேள்வி கேட்கிறான்: "இதில் பிறர் காப்புரிமை ஏதும் இருந்து என்மேல் வழக்கு வந்தால் நீர் பொறுப்பேற்பீரோ?" பொறுப்பேற்றால் விற்பவனின் வீடுவாசல் பணயம், ஏற்காவிட்டால் சரக்கு விலைபோகாது. பெருநிறுவனங்களோ ஆயிரக்கணக்கில் காப்புரிமைகளைக் குவித்து வைத்துக்கொண்டு, "நீ என்மேல் வழக்கிடாதே, நான் உன்மேல் வழக்கிடேன்" என்று தமக்குள் ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. பண்டமாற்றுக்குக் கையில் பண்டமில்லாத சிறு வணிகன் அந்தச் சந்தைக்குள் நுழைய இயலாது.

தையற்பொறியின் வரலாறும் இத்தகையதே. ஹௌ, சிங்கர் முதலியோரின் காப்புரிமைகள் ஒன்றோடொன்று சிக்கி வழக்குகள் மலிந்தன. 1856-இல் நால்வரும் தம் உரிமைகளை ஒரே பெட்டியில் இட்டுக் கூட்டு அமைத்தனர். அக்கூட்டு 1877 வரை நீடித்தது. கூட்டுக்குள் இருந்தவர் செழித்தனர்; வெளியில் இருந்தவர் கப்பம் கட்டினர். மென்பொருளிலோ உரிமையாளர் நால்வர் அல்லர், எண்ணித் தொலையாதவர்.

கூலியில்லாக் களஞ்சியம்

இதற்கிடையே கேம்பிரிட்ஜ் நாடாக் களஞ்சியத்தின் பழைய மரபு மீண்டும் தலையெடுத்தது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கினார். 1995-இல் பெர்ல் மொழிக்கும், 2010-இல் ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கும் இணையத்தில் உறுப்புக் களஞ்சியங்கள் தோன்றின. 2004-இல் வெளிவந்த இரண்டாம் அப்பாச்சி உரிமம், உறுப்பை அளிப்பவர் அதனோடு தொடர்புடைய தம் காப்புரிமையையும் பயன்படுத்துவோர்க்கு வழங்கிவிடுவதாக எழுதி வைத்தது. மெக்கில்ராய் கனவு கண்ட பட்டியல் உண்மையாயிற்று. அவர் எண்ணியதைவிடப் பன்மடங்கு பெரிதாயிற்று. ஆனால் அக்கடையில் பெரும்பாலும் கல்லாப்பெட்டி இல்லை.

ஆர்.எஸ்.ஏ. காப்புரிமை 2000 செப்டம்பரில் முடிந்தது. அதன்பின் 'ஓப்பன்எஸ்எஸ்எல்' என்னும் கட்டற்ற மறையீட்டு உறுப்பினை அமெரிக்காவிலும் தடையின்றிக் கையாள முடிந்தது. வணிகம், வங்கி, அரசு என எங்கும் அது பரவியது. 2014 ஏப்ரலில் அதில் 'ஹார்ட்பிளீட்' என்னும் பெரும் பிழை வெளிப்பட்டது. உலகம் பதறி ஆராய்ந்தபோது, அவ்வுறுப்புக்கு முழுநேரம் உழைத்தவர் ஒருவரே என்பதும், ஆண்டுக்கு வந்த நன்கொடை ஏறத்தாழ 2000 டாலரே என்பதும் தெரியவந்தன. பூட்டிய கடையிலாவது கூலி இருந்தது. திறந்த களஞ்சியத்தில் அதுவுமில்லை. அதன் பின்னரே பெருநிறுவனங்கள் கூடி நிதி திரட்டின.

2016 மார்ச் மாதத்தில் நடந்ததும் நினைவிற் கொள்ளத்தக்கது. ஒரு பெயருக்கான பூசலில் மனமுடைந்த நிரலாளர் ஒருவர் தம் உறுப்புகளைக் களஞ்சியத்திலிருந்து நீக்கிக்கொண்டார். அவற்றுள் ஒன்று வெறும் 11 வரி கொண்டது. எழுத்துகளின் இடப்புறத்தில் இடம் நிரப்புவதே அதன் வேலை. அதனைச் சார்ந்திருந்த எத்தனையோ மென்பொருள்களைக் கட்டும் பணி அன்று உலகெங்கும் தடைப்பட்டது.

உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்தும் மூட்டுவாய் யாருடையது என்ற வழக்கும் எழுந்தது. ஜாவா மொழியின் மூட்டுவாய்களாகிய ஏறத்தாழ 11,500 வரிகளைக் கூகுள் எடுத்தாண்டது குறித்து ஆரக்கிள் நிறுவனம் 2010-இல் வழக்கிட்டது. காப்புரிமை பற்றிய முறையீடு 2012-இல் தோற்றது. பதிப்புரிமை பற்றியது 2021 வரை நீண்டது. இறுதியில் உச்ச நீதிமன்றம் அந்த எடுத்தாள்கை நியாயமானதே என்று ஆறுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. விட்வொர்த் வகுத்த திருகுப்புரிக்கு ஒருவர் கப்பம் கேட்டிருந்தால் உறுப்புத் தொழில் என்னவாகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால் இத்தீர்ப்பின் பெருமை விளங்கும்.

நம் நாட்டுச் சட்டம்

நம் நாட்டின் காப்புரிமைச் சட்டத்துக்கு அடிகோலியவர் ஒரு தமிழ்நாட்டு நீதியரசர் என்பதை நாம் பெருமையோடு நினைவுகூர்தல் வேண்டும். சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாயிருந்து பின்னர் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்ற என். ராஜகோபால ஐயங்கார், 1959-இல் காப்புரிமைச் சட்டத் திருத்தம் பற்றிய விரிவான அறிக்கையை அரசுக்கு அளித்தார். 1911-ஆம் ஆண்டின் ஆங்கிலேயர் காலச் சட்டத்தின்கீழ் பெரும்பான்மையான காப்புரிமைகள் வெளிநாட்டினர் கையில் இருந்ததையும், அவற்றுள் மிகப்பல இந்நாட்டில் தொழிலாக நடைபெறாமல் இருந்ததையும் அவர் எடுத்துக்காட்டினார். காப்புரிமை என்பது உரிமையாளனுக்கு அளிக்கும் பரிசு மட்டுமன்று. நாட்டுக்குப் பயன் விளைப்பதற்காக அளிக்கும் சலுகை என்பதே அவ்வறிக்கையின் உயிர்நாடி. 1970-ஆம் ஆண்டுச் சட்டம் அதன்மேல் எழுந்ததே.

மென்பொருள் பற்றிய விதி பின்னர் வந்தது. 2002-இல் இயற்றிய திருத்தத்தால், 3-ஆம் பிரிவின் 'கே' உட்பிரிவில், கணித முறை, வணிக முறை, கணிப்பொறி நிரல் என்ற அளவில் நிற்கும் நிரல், அல்காரிதம் ஆகியவை புதுப்புனைவு ஆகா என்று எழுதப்பட்டது. 2004 டிசம்பரில் ஓர் அவசரச் சட்டம் இவ்விலக்கைத் தளர்த்த முற்பட்டது. தொழிலில் நுட்பப் பயன் தரும் நிரலுக்கும் வன்பொருளோடு சேர்ந்த நிரலுக்கும் காப்புரிமை தரலாம் என்பது அதன் நோக்கம். ஆனால் 2005-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில் அத்தளர்ச்சி இடம்பெறவில்லை. அதே 2005 ஜூலை 6-ஆம் நாள் ஐரோப்பிய நாடாளுமன்றமும் இத்தகைய மசோதாவை 648-க்கு 14 என்ற வாக்குக் கணக்கில் தள்ளியது.

எனினும் 'நிரல் என்ற அளவில்' என்னும் சொற்றொடர் இன்னும் விவாதப் பொருளாகவே உள்ளது. நுட்பப் பயன் விளைக்கும் கண்டுபிடிப்பை, அதில் நிரல் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் தள்ளக் கூடாது என்று 2019-இல் டில்லி உயர்நீதிமன்றம் ஃபெரீத் அல்லானி வழக்கில் கூறியது. நிரலின் எழுத்துருவுக்கோ பதிப்புரிமைச் சட்டம் உறுதியாகவே காவல் நிற்கிறது.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறுவது யாது? உறுப்புக் கடைக்கு மூன்று வேண்டும்: பொருந்தும் அளவு, அச்சமின்றி விற்கும் உரிமை, செய்தவனுக்குக் கூலி. பொருந்தும் அளவை உடன்பாடு தரும், சாசனம் தராது. அச்சமின்மையைக் காப்புரிமை சிலருக்குத் தந்து பலரிடமிருந்து பறித்தது. கூலியையோ பூட்டிய கடை சிலருக்கே தந்தது; திறந்த களஞ்சியம் பலருக்கு மறந்தது. கெட்ஸ் கேட்ட கேள்வி, கறிவேப்பிலை பயிரிடுபவன் எப்படிப் பிழைப்பது என்ற அந்தக் கேள்வி, அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் முழு விடை பெறவில்லை.

நம் மக்களுள் எத்தனையோ பேர் இத்தொழிலில் இருக்கின்றனர். பணியில் சேரும்போது அவர்கள் கையெழுத்திடும் ஒப்பந்தத்தில், தாம் காணும் புதுமைகள் யாருக்கு உரியவை என்று எழுதியிருக்கும். பெற்றோர் சம்பளத்தை மட்டும் கேளாமல் அந்த வரியையும் படித்துப் பார்க்கச் சொல்வது நன்று. தம் நிறுவனம் இனாமாக எடுத்தாளும் உறுப்பினைச் செய்த முகம் தெரியாத ஒருவருக்குச் சிறு உதவியாவது செல்கிறதா என்று கேட்கும் துணிவையும் நம் பிள்ளைகள் பெறுவாராக.

நம் சங்கமும் ஓர் உறுப்புக் களஞ்சியமே. ஒருவர் பாட்டு, ஒருவர் கோலம், ஒருவர் சமையல், ஒருவர் கணக்கு என்று கொண்டுவந்து சேர்த்ததனாலேயே இவ்விழா நடைபெறுகிறது. இங்கே யாரும் பூட்டுப் போடவில்லை. உழைத்தவரை நாம் மறப்பதுமில்லை. மேடையில் அழைத்து மாலையிடுகிறோம். இவ்விரண்டும் கூடிய நெறியை மென்பொருள் உலகமும் காணும் நாள் வருக.